காணும் பொங்கல்: உறவைக் காணவும் ஊரைச் சுற்றவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் விழாவின் நிறைவு நாளான காணும் பொங்கலை எப்படித் திட்டமிடுவது என்று உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் என்னிடம் கேட்பதுண்டு. சென்னையில் சிதறிக் கிடக்கும் எங்கள் குடும்பத்தின் 22 பேரை அந்த ஒரு நாளில் ஒன்றுகூட்டும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையதாக இருப்பதால், அவர்களின் கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். விடைகளில் பெரும்பகுதி சென்னையைப் பற்றியது. மற்ற ஊர் வழக்கங்களுக்கும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

காணும் பொங்கல் எந்த நாளில் வருகிறது?

தை மாதத்தின் மூன்றாம் நாள். மார்கழிக் கடைசி நாள் போகி, தை 1 பொங்கல், தை 2 மாட்டுப் பொங்கல், தை 3 காணும் பொங்கல் என்பது வரிசை. கதிரவன் மகர ராசியில் நுழையும் நேரத்தைப் பொறுத்துத் தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-இல் அமைவதால், காணும் பொங்கல் 16 அல்லது 17-இல் வரும். 2025-இல் அது ஜனவரி 16, 2026-இல் ஜனவரி 17. தமிழ்நாடு அரசின் விடுமுறைப் பட்டியலில் 'காணும் பொங்கல்' என்று தேடினால் கிடைக்காது. தை 2 திருவள்ளுவர் தினம் என்றும், தை 3 உழவர் திருநாள் என்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

'காணும்' என்ற பெயர் ஏன் வந்தது? கணுப் பொங்கலும் இதுவும் ஒன்றா?

உற்றார் உறவினரையும் பெரியவர்களையும் நேரில் சென்று காண்பதற்கான நாள் என்பதால் இந்தப் பெயர் நிலைத்தது. கணு என்பது வேறொரு சடங்கு. பொங்கலுக்கு மறுநாள் காலையில் பெண்கள் மஞ்சள் இலையின் மீது வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறச் சோற்று உருண்டைகளையும் கரும்புத் துண்டுகளையும் வைத்து, காக்கைக்கும் குருவிக்கும் படைத்து, உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்க வேண்டிக்கொள்வதே கணுப்பிடி. இரண்டு பெயர்களும் ஒலியில் நெருங்கியிருப்பதால் பல வீடுகளில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. தென்மாவட்டங்களில் பொங்கலை அடுத்து வரும் நாளைக் 'கரிநாள்' என்பார்கள். பஞ்சாங்கத்தில் தை 1, 2, 3 ஆகிய மூன்று நாள்களும் கரிநாள்களாகக் குறிக்கப்படுவதால் அந்நாள்களில் புதிய காரியம் எதையும் தொடங்குவதில்லை என்பது வழக்கம். புதிதாகத் தொடங்க ஒன்றுமில்லாத நாளில் பழைய உறவுகளைப் போய்ப் பார்ப்பது மிகப் பொருத்தமாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே நாளில் எத்தனை வீடுகளுக்குப் போகலாம்? யாரை முதலில் பார்ப்பது?

மூன்று வீடுகள் போதும். நான்காவது வீட்டை எட்டும்போது குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வீட்டார் எடுத்து வைத்த பலகாரத்தை யாரும் தொடமாட்டார்கள். ஒரு வருடம் நாங்கள் அம்பத்தூரில் தொடங்கி, பெரம்பூர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், வேளச்சேரி என்று ஐந்து வீடுகளுக்குப் போனோம். எந்த வீட்டிலும் அரை மணி நேரத்திற்கு மேல் உட்காரவில்லை. கடைசி வீட்டில் இருந்த பெரியம்மாவோ எங்களுக்காக மதியம் சமைத்து வைத்துவிட்டு மாலை 6 மணி வரை தானும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ, அவர் வீட்டில்தான் முதல் கால் வைக்க வேண்டும், அதுவும் காலை 9 மணிக்குள்.

முதியவர்களுக்குக் காலை நேரம்தான் தெம்பான நேரம். குளித்து, புத்தாடை உடுத்தி, நெற்றியில் திருநீறோ குங்குமமோ இட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் போனால் அதே மனிதர் களைத்துப் படுத்திருப்பார். ஆகவே கடற்கரையையும் பொருட்காட்சியையும் பிற்பகலுக்குத் தள்ளி, முற்பகலை முழுவதுமாகப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: நடமாட முடியாத மூத்தவர் வீட்டிலேயே எல்லாரும் கூடிவிடுவது. எங்கள் குடும்பம் சில ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறது. ஆளுக்கு ஒரு பாத்திரம் சமைத்து எடுத்து வருவதால் அந்த வீட்டுப் பெண்களின் மீது அடுப்பு வேலை முழுதும் விழுவதில்லை.

போகும் நாளைக்கு முன்தினமே தொலைபேசியில் சொல்லிவிடுவது மரியாதை. அந்த வருடத்தில் துக்கம் நேர்ந்த வீடு என்றால் பண்டிகை கொண்டாடமாட்டார்கள். அதற்காக அவர்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. கரும்பும் வாழ்த்தும் இல்லாமல், சும்மா பத்து நிமிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அந்த வருகையை அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு இருக்க வேண்டும்?

அளவு என்று ஒன்றுமில்லை. விழுந்து வணங்கும் பிள்ளைக்கு வாழ்த்தோடு கொடுப்பது அது; பத்து ரூபாயானாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகையாக இருப்பது முக்கியம். என் அத்தைக்கு வயது 84. புது 20 ரூபாய்த் தாள்களை மார்கழியிலேயே வங்கிக்கு ஆளனுப்பி மாற்றி வைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவி, சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் இருவர் அந்தத் தாள்களைச் செலவழிக்காமல் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுச்சோறு என்ன கொண்டு போகலாம்? மாலை வரை கெடாமல் இருக்க என்ன வழி?

புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், வடாம், மோர்மிளகாய் என்ற சேர்க்கையை யாரும் எளிதில் மிஞ்ச முடியாது. எந்தச் சாதம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தெரிந்திருந்தால் போதும். புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து காப்பதால் புளியோதரை நெடுநேரம் நிற்கும். தேங்காய்ச் சாதம் முதலில் கெடும். அதை எடுத்துச் செல்வதானால் காலைச் சிற்றுண்டியாகவே முடித்துவிடுங்கள்.

புளியோதரைக்குச் சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் விட்டு முழுவதும் ஆறவிட வேண்டும். ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைச் சேர்த்து, மசியாமல் கரண்டிக் காம்பால் கிளறி, ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தயிர்ச்சாதத்தில் பலர் செய்யும் பிழை, காலையிலேயே தயிரை நிறைய ஊற்றிவிடுவது. மதியத்திற்குள் அது புளித்து நாவைக் கூச வைக்கும். சோற்றைக் குழைவாக மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துக் கலந்தால், வழியிலேயே பால் உறைந்து, சாப்பிடும் வேளையில் சரியான பதத்தில் இருக்கும்.

எந்தச் சாதமானாலும் சூட்டோடு மூடி போடாதீர்கள். ஆவி மூடியில் படிந்து நீராகச் சொட்டும். அந்த ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்த இடத்தில்தான் சோற்றில் இருக்கும் கிருமிகள் பெருகும். அவற்றில் ஒருவகை உண்டாக்கும் நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. எலுமிச்சைச் சாதத்தையும் தயிர்ச்சாதத்தையும் கலந்த நான்கைந்து மணி நேரத்திற்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது. வாழையிலையை அனலில் வாட்டி அடியில் விரித்துக் கட்டினால் சோறு மணக்கும், இலையும் கிழியாது. தண்ணீரை ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். ஜனவரி வெயில்தானே என்று எண்ணிக் குறைவாகக் கொண்டுபோனால் கடற்கரையில் பிற்பகல் 3 மணிக்கு வருந்த நேரிடும்.

அன்று அசைவம் சமைக்கலாமா?

வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. முதலிரண்டு நாள்களும் படையலுக்காகச் சைவமாக இருந்த பல வீடுகளில் காணும் பொங்கலன்று ஆட்டுக்கறிக் குழம்பும் மீன் வறுவலும் உண்டு. காசிமேட்டிலும் இறைச்சிக் கடைகளிலும் விடியற்காலையிலிருந்தே கூட்டம் நிற்கும். பயணத்திற்கு மட்டும் அசைவத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையில் எங்கே போகலாம்?

மெரினா, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, தீவுத்திடல் சுற்றுலாப் பொருட்காட்சி, மாமல்லபுரம் ஆகியவற்றுக்கே நகரத்தின் பெரும்பகுதி திரளும். சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்திற்கு நான் வண்டலூரைச் சொல்வேன். 1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, இடம் போதாமல் 1985-இல் அங்கே மாற்றப்பட்டது. 602 ஹெக்டேர் பரப்பில் மரநிழல் இருப்பதால் கூட்டம் இருந்தாலும் மூச்சு முட்டாது. நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்னரே எடுத்துவிடுங்கள். காலையில் வாசல் திறக்கும் நேரத்திற்கு அங்கே இருந்தால் விலங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும். அப்படியானால் பெரியவர்களைப் பார்ப்பதை முந்தின நாள் மாலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வண்டலூருக்குச் சாலை வழியாகப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. பொங்கலுக்குத் தென்மாவட்டங்களுக்குச் சென்றவர்கள் நகரத்திற்குத் திரும்பத் தொடங்குவதும் அதே நாளில்தான், அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அருகிலேயே இருப்பதால் மாலை வேளையில் அந்தப் பகுதியில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும். மின்சார ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்குவது எவ்வளவோ மேல். மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் வந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களில் எதில் இறங்கினாலும் நடந்துவிடலாம். விடுமுறை நாளில் ரயில்களின் எண்ணிக்கை குறையக்கூடும் என்பதால் கடைசி ரயில் நேரத்தை முன்தினமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாநகரப் பேருந்துகள் அன்று கூடுதலாக விடப்படும்; காமராஜர் சாலையில் போக்குவரத்து மாற்றப்படுவதால் அவை வழக்கமான நிறுத்தத்தில் நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. காவல்துறை கரை நெடுகத் தடுப்புக் கட்டி, குதிரைப்படையையும் கண்காணிப்புக் கோபுரங்களையும் நிறுத்திவைப்பது இதற்காகத்தான். மெரினாவின் பரந்த மணல் நம்மை ஏமாற்றும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து அலை கொண்டுவரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுச் சேர்ந்ததில் கரை அகலமானது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். மணல் அகலமாக இருப்பதால் கடலும் ஆழமில்லாமல் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் நீர் விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று சரிகிறது. திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையும் இழுக்கிறது. நீச்சல் தெரிந்த இளைஞர்களே மாண்டிருக்கிறார்கள். உப்புக் காற்றும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் கரையிலேயே கிடைக்கின்றன. குழந்தைகளைத் தடுப்புக்கு இப்பால் மணல்வீடு கட்டி விளையாட விடுங்கள்.

கூட்டத்தில் குழந்தை தொலையாமல் இருக்க என்ன செய்வது?

கடற்கரை நுழைவிடங்களில் காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். வரிசை நீளமாக இருந்தாலும் நின்று கட்டிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் ஐந்து வயது மகன் பலூன்காரரின் பின்னாலேயே போய்விட்டான். நாற்பது நிமிடம் கழித்து உதவி மையத்தில் அவனைக் கண்டோம். பட்டை கையில்தான் இருந்தது. ஆனால் அவன் ஈர மணலில் குழி தோண்டி விளையாடியிருந்ததால் பேனா மை கலைந்து, கடைசி இரண்டு எண்கள் நீலக் கறையாகிவிட்டிருந்தன. அப்பா பெயர் என்ன என்று பெண் காவலர் கேட்டதற்கு 'அப்பா' என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். மஞ்சள் சட்டை, வலக்கையில் பாதி தின்ற சோளக்கதிர் என்று ஒலிபெருக்கியில் அவர் விவரித்ததைக் கேட்டுத்தான் என் தங்கை ஓடினாள்.

ஆகவே நீரில் அழியாத மையால் எழுதுங்கள். சட்டைக் கழுத்துப் பட்டியின் உட்புறத்திலும் எண்ணை எழுதுங்கள். பெயர் வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைக் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். அப்பா, அம்மா இருவரின் முழுப்பெயரையும் பண்டிகைக்கு முன் ஒரு வாரம் சொல்லிக் கொடுத்துப் பழக்குங்கள். கிளம்பும் முன் குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டமாகப் போகும்போது எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் யாருமே பார்ப்பதில்லை; ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். காணவில்லை என்று தெரிந்தால் தேடிக்கொண்டே இருக்காமல் ஒருவர் உடனே உதவி மையத்திற்கு ஓட வேண்டும். மையம் கண்ணில் படாவிட்டால் 112, அல்லது குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

மற்ற ஊர்களில் இந்த நாள் எப்படிக் கழிகிறது?

கொங்கு நாட்டு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்கள் கூட்டமாகக் காட்டுப் பக்கம் போய் ஆவாரம்பூ முதலியவற்றைப் பறித்துவந்து, கும்மியடித்துப் பாடி மகிழும் பூப்பறிக்கும் விழா அங்கே இந்த நாளை ஒட்டி நடக்கிறது. ஈரோடு வ.உ.சி. பூங்காவில் காணும் பொங்கலன்று பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டுமே அனுமதி என்பது பல ஆண்டு வழக்கம். பாட்டியிலிருந்து பேத்தி வரை ஆட்டமும் பாட்டுமாக ஒரு நாள் முழுவதும் அங்கே கழிக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்பவர்களுக்கு இப்படி ஓரிடம் எல்லா ஊர்களிலும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

திருச்சிக்காரர்கள் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போவார்கள். நெல்லைக்காரர்கள் சோற்றுமூட்டையோடு தாமிரபரணிக் கரைக்குப் போவார்கள். சிற்றூர்களில் உறியடி, வழுக்குமரம், கபடி, கோலப்போட்டி ஆகியவை பொங்கல் நாள்களை நிறைக்கும். தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி உண்டு. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள்.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைக் குடும்பத்தோடு நேரில் பார்க்கலாமா?

மதுரை வட்டாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்பது வரிசை; நிறைவாக அலங்காநல்லூரில் காணும் பொங்கலன்று நடைபெறும். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட போராட்டமும், அதையொட்டி வந்த தமிழ்நாட்டுச் சட்டமும், அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதத்தில் வந்த தீர்ப்பும் வாசகர்கள் அறிந்தவையே. காளைகளுக்கும் வீரர்களுக்கும் முன்பதிவும் மருத்துவச் சோதனையும் இப்போது கட்டாயம். நேரில் பார்க்க விரும்பும் பெரியவர்கள் விடியும் முன்பே போய்ச் சேர வேண்டும். கைக்குழந்தையையும் முதியவர்களையும் அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன். வெயிலில் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருக்கும், ஆட்டம் முடிந்து வெளியேறும் காளைகள் தெருவுக்குள் ஓடிவருவதும் உண்டு. தொலைக்காட்சி நேரலையில் வாடிவாசல் தெளிவாகவே தெரிகிறது.

வீட்டை விட்டு வெளியே போக இயலாதவர்கள் என்ன செய்யலாம்?

பட்டிமன்றமும் புதுப்படமும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிரு மணி நேரமாவது அதை அணைத்துவிட்டுப் பல்லாங்குழியையும் தாயத்தையும் எடுங்கள். தாயக்கட்டையை உருட்டத் தொடங்கியதும் பாட்டிகளின் பேச்சு தானாகவே பழைய கதைகளுக்குப் போகும். யார் எந்த ஊர், எந்த வழியில் சொந்தம் என்பதைப் பிள்ளைகள் ஒரு தாளில் கேட்டு எழுதலாம். எங்கள் வீட்டில் அப்படி எழுதிய தாள் இப்போது நான்கு தலைமுறைகளைத் தாண்டியிருக்கிறது.

கடற்கரையில் சேரும் குப்பைக்கு நாம் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர்கள் டன் கணக்கில் குப்பையை அள்ளுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் அந்த விடுமுறையும் இல்லை, ஓய்வும் இல்லை. ஜனவரியில்தான் சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரத் தொடங்குகின்றன. இரவில் கரையேறும் ஆமை நெகிழிப் பைகளுக்கு நடுவே குழி பறிக்க வேண்டியிருக்கிறது. பாக்கு மட்டைத் தட்டும் எவர்சில்வர் தம்ளரும் கொண்டு போங்கள். கட்டுச்சோறு வந்த பையிலேயே மிச்சத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடற்கரைத் தொட்டிகள் மாலை 5 மணிக்கே நிரம்பி வழியும் என்பதால் அவற்றை நம்ப வேண்டாம்.

அன்று வேலை இருந்தால்? வேறு நாளில் கொண்டாடலாமா?

பேருந்து ஓட்டுநர், செவிலியர், காவலர் ஆகியோரின் குடும்பங்களில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் கூடுங்கள். பெரியவர்கள் யாரும் குறை சொல்லமாட்டார்கள். விழுப்புரம், கடலூர் பக்கத்து உறவினர்கள் உங்களுக்கு இருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. தை 5 அன்று அங்கே ஆற்றுத் திருவிழா நடைபெறும். சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் தென்பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் எழுந்தருளித் தீர்த்தவாரி காண, ஆற்று மணலில் ராட்டினமும் கடைகளும் நிறைந்திருக்கும். காணும் பொங்கலுக்கு வர முடியாத என் தம்பி ஒவ்வொரு வருடமும் அங்கே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு, எங்களுக்கு அந்தத் திருவிழாவில் விற்கும் சுருளிக்கிழங்கு ஒரு பை வாங்கி வருவான். நாங்கள் அதை அவித்து, அத்தை வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து தோலுரித்துச் சாப்பிடுவோம்.